பதினான்கு சுற்றுக்கு மேலே

என் தம்பியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கரிக்கை என்றால்தான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் ரப்பர் கம்பெனியில் கரித்தூளை ரப்பரோடு சேர்த்து மில்லில் ஓட்டியவன். அந்தக் கரி நகத்துக்கு அடியிலும் உள்ளங்கை ரேகையிலும் போய்க் குடியேறிவிட்டது. மண்ணெண்ணெய், சாம்பல், துணி சோப்பு, எலுமிச்சைத் தோல் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தாயிற்று. தோல்தான் சிவந்தது, கரி அசையவில்லை.

இருபத்தைந்து வயதில் அவனுக்குப் பெண் பேச ஒரு வீட்டுக்குப் போனோம். வேலையிலிருந்து நேரே வந்திருந்தான். வெள்ளைக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கீழே வைத்தான். கோப்பையின் மேல் ஐந்து விரலும் அச்சு வைத்தது போல் இருந்தது. பெண்ணின் அம்மா கோப்பையைப் பார்த்தவள் அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வரும்போது சிரித்தான். "அக்கா, அவங்க வீட்டுச் சுவரெல்லாம் என்னா வெள்ளை பாத்தியா? நான் மாப்பிள்ளையாப் போனா மாசத்துக்கு ஒரு தடவ சுண்ணாம்பு அடிக்கணும். பாவம், விட்டுடு."

அதோடு சரி. வேறு பெண் பார்க்க விடவில்லை. நான் எத்தனையோ தடவை பேச்சை எடுத்தேன், அழுதும் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தான். பிடிவாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்குத் துணையாக என் வீட்டுக்கே வந்துவிட்டான். கம்பெனியில் சொல்லி எனக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தான். அச்சில் வெந்து வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்தில் மெல்லிசாகப் பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்கும் வேலை. எழுத்து தெரியாத எனக்கு அது பொருத்தமாக இருந்தது. விரல் சொல்வதைக் கேட்டால் போதும்.

அவன் வேலை அப்படி இல்லை. மில் என்பது ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு பெரிய இரும்பு உருளைகள். நடுவில் இருக்கும் இடுக்கில் ரப்பரைக் கொடுத்தால் தட்டையாகிக் கீழே வரும். அதைக் கத்தியால் அறுத்து, பாய் சுருட்டுவது போல் சுருட்டி, மறுபடி இடுக்கில் நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். அது ஒரு சுற்று. மேலே தூவும் கரித்தூள் சுற்றுக்குச் சுற்று உள்ளே போகும். அரைகுறையாகப் போனால் ரப்பரில் வரி வரியாகத் தெரியும், கட்டி நிற்கும். அந்த இடத்தில்தான் பின்னால் வெடிக்கும். என் தம்பி ஓட்டிய ரப்பரில் வரி என்பதே கிடையாது. ஒரு துண்டை பிளேடால் சீவி, வெட்டு முகத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். ஒரு புள்ளி மின்னினால் போதும், மொத்தத்தையும் திரும்ப மில்லில் போடுவான். சூப்பர்வைசர் வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று கத்துவார். இவன் காதில் விழாது. ஊரில் எந்த பம்பு செட்டுக்கு ரப்பர் மாற்றினாலும், "கரிக்கை ஓட்டினதா, அப்ப பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்பார்கள்.

அவனுக்குச் சொத்து, பெருமை எல்லாமே அந்த வழவழப்புதான்.

என் மகன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் வெளியே இருப்பான். அவன் கட்டிக்கொண்டு வந்த என் மருமகள் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. அவளையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டோம். அவள் சேர்ந்த வருஷம்தான் கம்பெனி புது மாதிரி ரப்பர் செய்ய ஆரம்பித்தது. கறுப்பு இல்லை, சாம்பல் நிறம்.

"ஏன்டி, இது என்ன ரப்பர்? கரியே போடல?" என்று கேட்டேன்.

"கரிக்குப் பதிலா நிக்கல் பூசின நார் போடறாங்க அத்தை. வெட்டின தலைமுடி மாதிரி இருக்கும்."

"எதுக்கு?"

"நம்ம வீட்டு ரேடியோ பக்கத்துல போன வெச்சா, ரிங் வர்றதுக்கு முன்னாடியே ரேடியோ கரகரன்னு கத்துமே, ஞாபகம் இருக்கா? போன்லருந்து வர்ற அலை அது. கண்ணுக்குத் தெரியாது. எல்லா மிஷினுக்குள்ளயும் பூந்து குழப்பி விட்டுடும். அதுக்காக மிஷின இரும்புப் பெட்டியில வெச்சு மூடறாங்க. பெட்டி அலையத் தடுத்துடும். ஆனா மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல முடியளவு சந்து இருக்கும்ல, அது போதும், உள்ள பூந்துடும். இந்த ரப்பர அங்க வெச்சு மூடிய அமுக்கினா சந்தும் அடையும், ரப்பர் வழியா கரண்டும் போகும். அப்பறம் மூடியும் பெட்டியும் ஒரே இரும்பு மாதிரிதான். அலை உள்ள வராது."

"ரப்பர்ல கரண்டு போகாதுன்னுதானே எலக்ட்ரீஷியன் கையில ரப்பர் உறை மாட்டறான்?"

"அதனாலதான் அத்தை அந்த நார்!"

மருமகளுக்கு மீட்டர் வேலை. மில்லில் ஓட்டிய ரப்பரிலிருந்து உள்ளங்கை அகலம் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்கள். அதை வேக வைத்து, இரண்டு முனையிலும் மீட்டர் கம்பியை வைத்து, கரண்டு எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்து விழுந்த பிறகுதான் அந்த ரப்பர் அச்சுக்குப் போகும். அந்த மீட்டரை அவள் பிள்ளையைத் துடைப்பது போல் துடைத்து வைப்பாள்.

புது இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார், கண்ணாடி போட்டவர். மில்லுக்குப் பக்கத்தில் நின்று என் தம்பியிடம் சொன்னார்: "பதினாலு சுற்று. எண்ணிப் போடுங்க. பதினஞ்சு வேண்டாம்."

"ஏன் சார்?"

"பார்முலா அப்படி."

அவ்வளவுதான் சொன்னார். இதை நான் யார் முன்னாலும் சொல்லுவேன். என் தம்பி செய்தது தப்பு. ஆனால் இருபத்தெட்டு வருஷம் உருளையோடு நின்றவன் ஏன் என்று கேட்டபோது பார்முலா என்று சொல்லிவிட்டுப் போனது அதற்கு முந்தின தப்பு.

பதினான்கு சுற்றில் வந்த ரப்பரைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளையும் சாம்பலுமாக வரி வரியாக, அங்கங்கே நார் துருத்திக்கொண்டு. அச்சு இயந்திரத்தில் நிற்கும் பிரஸ்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன கரிக்கை, இது ரப்பரா, உங்க தாத்தா தாடியா? பாதியில டீ குடிக்கப் போயிட்டியா?"

"பார்முலாவாம்" என்றான் தம்பி.

"பார்முலா எழுதினவரு மூஞ்சி தெரியாது. ஓட்டினவன் மூஞ்சிதான் எங்களுக்குத் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான், வாயில் வைக்கவில்லை. "இப்பிடி ஒரு சரக்க என் கையால வெளிய அனுப்பினதே இல்லக்கா" என்றான்.

ஐந்து வாரம் எண்ணித்தான் போட்டான். ஆறாவது வாரம் பொறுக்கவில்லை. துண்டு வெட்டி மருமகளுக்கு அனுப்பிய பிறகு, அவள் அதை வேக வைத்து மீட்டர் பார்த்து முடிவு சொல்ல அரை மணி ஆகும். அது வரைக்கும் மிச்ச ரப்பர் மில் தட்டில் கிடக்கும். அந்த அரை மணி அவனை வெறுமனே நிற்க விடவில்லை. இன்னும் நாலு சுற்று ஓட்டினால் அழகாகிவிடுமே என்று போட்டான். நாலு பத்தாயிற்று. பிறகு முப்பது வரைக்கும் போனான். வரி எல்லாம் மறைந்தது. சாம்பல் நிறத்தில் பட்டு மாதிரி ஷீட் வந்தது. துண்டு மீட்டரில் தேறிவிட்டது. தேறின சரக்கை இன்னும் நன்றாக்கி அனுப்புகிறோம் என்றுதான் நினைத்தான். கெடுக்க நினைத்துச் செய்தவன் இல்லை அவன்.

இதில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவன் கதையை மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தத் தாடி ரப்பரைக் கத்தரிக்கும்போது நார் முனை என் விரலில் குத்தும். கண்ணுக்குத் தெரியாத முள். ராத்திரி பாத்திரம் தேய்த்தால் சாம்பல் பட்டு எரியும். ஆறாவது வாரத்து வளையங்கள் குத்தவே இல்லை. வெண்ணெயில் கத்தி போவது போல் கத்தரி போயிற்று.

"டேய், இந்த வாரம் வந்தது எவ்வளோ நல்லாருக்கு. கையே குத்தல. இப்பிடியே ஓட்டு" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "உனக்குத் தெரியுது பாத்தியா? அந்தக் கண்ணாடிக்காரருக்குத் தெரியல" என்றான்.

அதிலிருந்து மூன்று வாரம் அப்படியே ஓட்டினான். கெட்டுப்போன அச்சில் கோணலாக வந்த வளையம் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். எங்கள் தண்ணீர் டிரம்மின் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்த வளையத்தைப் போட்டு முடுக்கினேன், சொட்டு நின்றுவிட்டது. இதுதான் ரப்பர் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாவது வாரம் பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது.

வாங்கினவர்கள் ஆஸ்பத்திரிக்கு மிஷின் செய்கிறவர்கள். நோயாளி தலைமாட்டில் வைத்து, நெஞ்சு துடிப்பதைக் கோடாகக் காட்டுமே, அந்த மிஷின். புது ரப்பரைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் போன் அடித்தால் கோடு தாறுமாறாக ஆடியிருக்கிறது. நல்ல காலம், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள். என் மருமகள் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். அதில் எல்லாம் சரியாக இருந்தது. வளையத்தில் மீட்டரை வைத்தால் எதுவுமே சரியாக இல்லை.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். நான் கத்தரி மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி அறைக்குள் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. பிறகு கை நின்றுவிட்டது. வெளியே வந்தபோது கையில் அவளுடைய சாப்பாட்டு டப்பாவும், கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலமும் இருந்தன.

"மீட்டர் வெக்காமலே எழுதிட்டேனாம் அத்தை. நாளையிலருந்து வர வேண்டாமாம்."

தம்பி மில்லை நிறுத்திவிட்டு வந்தான். "யாரு சொன்னது? அவன் கெடக்கறான். நீ வெச்சத நான் கண்ணால பாத்திருக்கேன்மா. நான் வந்து பேசறேன்" என்று குதித்தான். அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது. உண்மையாகத்தான் குதித்தான்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அவள் சமையல் அறையில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே அவள் சோதித்த ரப்பர்த் துண்டுகளில் ஒன்று, திரும்பி வந்த சரக்குடையது. என் டார்ச் லைட்டைக் கழற்றி, பேட்டரியையும் குட்டி பல்பையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு ஒயரை வைத்து, நடுவில் அந்தத் துண்டைச் சேர்த்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா அத்தை! போகுது! நான் வெச்சேன், சரியாத்தான் இருந்துச்சு!" அவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. "அந்த வளையம் இருந்தா நல்லாருக்கும். அதையும் வெச்சுப் பாக்கலாம்."

நான் யோசிக்கவே இல்லை. "டிரம்முல இருக்கே. அந்த வாரத்துதான்" என்று குழாயைக் கழற்றி வளையத்தை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. முந்தானையால் துடைத்து அவள் கையில் வைத்தேன்.

பல்பு எரியவில்லை.

ஒயரை மாற்றி வைத்தாள், அழுத்திப் பிடித்தாள், பேட்டரியைத் தட்டினாள். உள்ளே ஒரு சிவப்பு நூல் கூடத் தெரியவில்லை. மறுபடி துண்டை வைத்தாள், எரிந்தது. வளையத்தை வைத்தாள், செத்துப்போயிற்று.

"ஒரே வாரம் கலந்தது. ஒரே மில்லு. இது எப்பிடி?" என்றாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். துண்டு வரி வரியாக இருந்தது. வளையம் வழவழவென்று இருந்தது.

நான் நிமிர்ந்தேன். தம்பி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். கை கால் கழுவிவிட்டு வந்தவன், கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தை நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன். அந்த நொடியில் அவனுக்கும் தெரிந்துவிட்டது, அவன் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரிந்துவிட்டது. இந்த ரப்பரில் அழகுதான் கெடுதல். அந்தத் தாடியில்தான் உயிர் இருந்திருக்கிறது.

அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மருமகள் தரையில் ஓடிய தண்ணீரைத் துடைக்கப் போனாள்.

ஒன்பது நாள்.

எனக்கு எண்ணத் தெரியும். பிசிறு வெட்டுகிறவளுக்கு எழுத்துத்தான் தெரியாது, எண்ணிக்கை தெரியும். அந்த ஒன்பது நாளும் அவன் வேலைக்குப் போனான். இரண்டாம் நாளே என் விரலில் முள் குத்த ஆரம்பித்துவிட்டது. பதினான்கோடு நிறுத்திவிட்டான் என்று புரிந்தது. நான் ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சொன்னால் அவன் வேலை போய்விடும், மில் இல்லாமல் அவன் இருக்க மாட்டான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மருமகள் சின்ன வயசு, வேறு வேலை கிடைக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். கூடப் பிறந்தவன் பக்கம்தான் சாய்ந்தேன். வீட்டுக்கு வந்த பெண் நட்டாற்றில் நின்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து பார்த்தாள். கதவைத் தாழ் போட்டுவிட்டு, தாழைத் தொட்டுப் பார்த்து, நாலு அடி நடந்து, திரும்பி வந்து தொட்டாள். உப்புப் போட்டோமா என்று என்னைக் கேட்டாள். என் பேத்தி பள்ளிக்கூடப் பையை அடுக்கினால் அதைக் கொட்டி மறுபடி எண்ணினாள்.

"பாட்டி, அம்மாவுக்கு என்ன?" என்றது குழந்தை.

ஒன்பதாம் நாள் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்: "அத்தை, உங்கள ஒண்ணு கேக்கறேன். நான் நெஜமாவே மீட்டர் வெச்சேனா? எனக்கே இப்போ ஞாபகம் வர மாட்டேங்குது. வெச்ச மாதிரி நானே நெனச்சுக்கிட்டேனோ?"

பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த தம்பி அப்படியே பட்டன் போடாமல் வந்து அவள் முன்னால் நின்றான்.

"அம்மாடி, நீ வெச்சே. உன் மீட்டரு பொய் சொல்லல. நாந்தான். நீ துண்ட எடுத்துட்டுப் போனப்பறம் மிச்சத்த நான் ஓட்டிக்கிட்டே இருந்தேன்."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"எத்தன சுற்று மாமா?"

"முப்பது."

"கெட்டுப்போகும்னு எப்போ தெரியும்?"

"பல்பு எரியலயே, அன்னிக்கு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது விரல் மடங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "எனக்கும் அன்னிக்கேதான்" என்றேன்.

அவள் எழுந்தாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது தாழைத் தொட்டுப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தம்பி நேரே கம்பெனிக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். முதலாளி அறையில் இன்ஜினியரும் இருந்தார். தம்பி நடந்ததையெல்லாம் சொன்னான், ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். அவள திரும்பக் கூப்பிடுங்க. என்னை அனுப்பிடுங்க."

இன்ஜினியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அதுக்குத்தானே எண்ணிப் போடச் சொன்னேன்! அந்த நார் ஒவ்வொண்ணும் இன்னொண்ணத் தொட்டுக்கிட்டு இருக்கணும். கூட்டத்துல கை கோத்துக்கிட்டு நிக்கற மாதிரி. அப்பதான் கரண்டு ஒரு கையிலருந்து அடுத்த கைக்குப் போகும். நீங்க ஓட்ட ஓட்ட உருளை நார நொறுக்கிடுது. துண்டு துண்டா ஆயி, தனித்தனியா நிக்குது. கை கோக்க முடியல. பாக்க வழவழன்னு இருக்கும், உள்ள எல்லாம் அறுந்து போயிருக்கும்."

தம்பி தன் கையைப் பார்த்தான். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா உங்களுக்குப் புரியுமா?"

"இப்போ புரிஞ்சுதே சார்."

இன்ஜினியர் முதலாளியைப் பார்த்தார்.

அவனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மருமகளைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. முதலாளி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "சாம்பிள முடிஞ்ச ஷீட்லருந்துதான் வெட்டணும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும்." அது வரைக்கும் அந்தக் கம்பெனியில் யாருக்குமே தெரியாத சட்டம் அது. அடுத்த நாள் சுவரில் ஒட்டினார்கள்.

ஆக, அவன் உண்மையைச் சொன்னதால் யாருக்கும் வேலை திரும்பவில்லை. ஒன்பது நாள் முன்னால் சொல்லியிருந்தால் அவளுக்கு வேலை கிடைத்திருக்குமா என்றால், அதுவும் கிடைத்திருக்காது. ஆனால் அந்த ஒன்பது நாள் அவள் தன் கையை நம்பியிருப்பாள். அது ஒன்றுதான் எங்களால் அவளுக்குக் கொடுக்க முடிந்திருக்கும். அதைக் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து என் மகன் போய் அழைத்து வந்தான். வந்தாள். ஒரு தையல் கடையில் கணக்கு எழுதும் வேலை தேடிக்கொண்டாள். என்னிடம் வேண்டியதைப் பேசுவாள். தம்பிக்குச் சாப்பாடு வைப்பாள், தட்டில் எதுவும் குறையாது. மாமா என்று மட்டும் கூப்பிட மாட்டாள். "சாப்பாடு வெச்சாச்சு" என்பாள், சுவரைப் பார்த்து.

மில் இல்லாத அவனைப் பார்க்க முடியவில்லை. நான் நினைத்ததுதான். தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி இரண்டு கையையும் மடியில் போட்டு வைத்திருப்பான், யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. பிரஸ்காரர் ஒரு தடவை பார்க்க வந்தார். வாசலில் நின்று, "கரிக்கை, தாடி ரப்பர்தான் இப்போ நல்லா போகுதுய்யா" என்று ஏதோ கேலியாக ஆரம்பித்து, முடிக்க முடியாமல், அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவரும் அதற்குப் பிறகு வரவில்லை.

இருமல் அவனுக்கு வருஷக்கணக்காக இருந்ததுதான். கரித்தூள் கையோடு நின்றிருக்குமா? வேலைக்குப் போகும்போது இருமலைக் கவனிக்க நேரமில்லை. உட்கார்ந்த பிறகு அது அவனைக் கவனித்துக்கொண்டது. ஒன்றரை வருஷத்தில் ஆளே பாதியாகி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

தலைமாட்டில் அந்த மிஷின் இருந்தது. பச்சைக் கோடு ஏறி ஏறி இறங்கியது. வந்த நாளிலிருந்து அவன் கண் அதை விட்டு அகலவில்லை. அடுத்த கட்டில்காரருக்குப் போன் வந்தால் போதும், கழுத்தைத் திருப்பிக் கோட்டையே பார்ப்பான். மூச்சு வாங்கும். நர்ஸ் அவனைத் திட்டினாள்: "ஐயா, அத பாக்கறது எங்க வேலை. நீங்க படுங்க."

மூன்றாம் நாள் மத்தியானம் மருமகள் சாப்பாடு கொண்டு வந்தாள். டப்பாவை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். தம்பி என்னைக் கூப்பிட்டான், குரல் காற்றாக வந்தது.

"அக்கா, அந்தப் பெட்டிக்குள்ள நம்ம மாதிரி ரப்பர்தானே இருக்கும்?"

"எனக்கு என்னடா தெரியும்."

"எவன் ஓட்டினதோ. சரியா ஓட்டியிருக்கானான்னு தெரியணும்."

மருமகள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு மிஷினைப் பார்த்தாள். தன் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அத்தை, இத அந்தப் பெட்டி பக்கத்துல பிடிங்க." வராந்தாவுக்குப் போய் யாருடைய போனையோ கேட்டு வாங்கி, அதிலிருந்து அடித்தாள். என் கையில் போன் அதிர்ந்தது, பாட்டுப் பாடியது. பெட்டியோடு ஒட்டிப் பிடித்தேன்.

கோடு அசையவில்லை. ஏறிய இடத்தில் ஏறி, இறங்கிய இடத்தில் இறங்கியது.

அவள் வாசலில் நின்றபடியே பார்த்தாள். நிறுத்திவிட்டு இன்னொரு தடவை அடித்தாள். அவளுக்கு எதையும் இரண்டு தடவை பார்க்காமல் இப்போது முடியாது. இரண்டாம் தடவையும் கோடு அசையவில்லை.

"எண்ணி ஓட்டியிருக்கான்" என்றான் தம்பி. "எவனோ நல்லவன்."

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். "பதினாலுதான் மாமா" என்றாள். "ஒண்ணு கூட ஜாஸ்தி இல்ல."

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் வாயில் மாமா என்ற வார்த்தை. அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாய் இறங்கவில்லை. நாலு நாள் கழித்து அந்தக் கோடு நீளமாகப் போயிற்று. அதற்குப் போன் எதுவும் காரணமில்லை. குளிப்பாட்டும்போது அவன் கையை நானே சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை.

அந்த வளையத்தை மறுபடி எங்கள் டிரம் குழாயிலேயே மாட்டினேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. கண்ணில் பட்டால் மனசு கெடுகிறது, தூக்கிப் போடு என்கிறான் மகன். மாட்டேன். என் தம்பி கடைசியாக மனசு குளிர ஓட்டியது அது. அலையைத் தடுக்கத் துப்பில்லை, தண்ணீரை ஒரு சொட்டு விட்டதில்லை.

போன வாரம் மருமகள் டிரம்மைக் கழுவினாள். குழாயைக் கழற்றி, அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைத்து முடுக்கினாள். பிறகு ஒழுகுகிறதா என்று தொட்டுப் பார்த்தாள். போய்விட்டு, திரும்பி வந்து, இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.